மலை நம்பாத எண்கள்

மலைச்சரிவின் அடியில் குடியிருந்தவர்களுக்கு அவர் அளவுக்காரர். சின்னப் பிள்ளைகளுக்கு 'டேப்பு மாமா'. சாலைத் துறையில் வேலை. புதன்கிழமைதோறும் முதுகில் பை, கையில் தடியோடு சரிவில் ஏறுவார். மேலே நிலத்தில் நீளமாக ஒரு வெடிப்பு ஓடியது. அதன் இரு கரையிலும் ஒன்பது இடங்களில், சரியாக ஒரு மீட்டர் இடைவெளி விட்டு, ஜோடி ஜோடியாக இரும்பு முளைகளை அடித்திருந்தார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே எஃகு நாடாவைப் பிடித்து, எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் கீழே இருந்த பதினான்கு வீடுகளும், ஒரு வெல்டிங் பட்டறையும், வரிசையின் கடைசியில் நின்ற சின்ன தேவாலயமும் நிம்மதியாகத் தூங்குவது அந்த ஒன்பது எண்களை நம்பித்தான். அளவுக்காரர் இறங்கி வந்து தேவாலயத்து மதிலில் தொங்கிய கரும்பலகையில் 'அசைவு இல்லை' என்று எழுதுவார். போகிற வருகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போவார்கள்.

மனிதர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கைநீளம் கிடையாது, அடுத்தவர் கஷ்டத்தில் முதல் ஆளாக நிற்பார். ஒரே ஒரு குறை. பொய். அதுவும் யாரையும் கவிழ்க்கிற பொய் இல்லை. எதிரே நிற்பவர் முகம் வாடக்கூடாது, தன் உடம்பும் நோகக்கூடாது என்பதற்காக வாயில் தானாக வந்து விழுகிற பொய். கட்டிலில் படுத்துக்கொண்டே போனில் "வந்துட்டே இருக்கேன், இதோ திருப்பத்துல" என்பார். அவருடைய மனைவி ஊருக்கே சொல்லிச் சிரிப்பார்: "இவரு கிளம்பிட்டேன்னு சொன்னா, செருப்பைத் தேட ஆரம்பிச்சிருக்காருன்னு அர்த்தம்." எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவர் அவர்தான். கணீரென்ற குரல். அந்தக் குரலில் எது வந்தாலும் நம்பத் தோன்றும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மழை நாளில், அவருக்கு முழங்கால் வீங்கியிருந்தது. சரிவின் அடிவாரத்தில் பழைய கல் கொட்டகை ஒன்று உண்டு. மழை விடட்டும் என்று அதற்குள் ஒதுங்கினார். மழை விடவில்லை. போன வார எண்களைப் பார்த்தார். எல்லாம் ஒன்று, ஒன்றரை என்று சின்னச் சின்ன வித்தியாசம். ஒரு வாரத்தில் என்ன பெரிதாக மாறிவிடப் போகிறது? அங்கேயே உட்கார்ந்து, சிலவற்றில் அரை மில்லிமீட்டர் கூட்டி, சிலவற்றை அப்படியே விட்டு எழுதினார். யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரமும் கால் வலித்தது. அதற்கடுத்த வாரம் வலி போய்விட்டது, ஆனால் கொட்டகை பழகிவிட்டது. மனைவி கட்டிக் கொடுத்த ரொட்டியைத் தின்று, செய்தித்தாளைப் படித்து, ஒன்பது எண்களைக் கற்பனை செய்து எழுதிவிட்டு, நேரம் பார்த்து இறங்குவார். பேன்ட் காலில் கொஞ்சம் சேறு பூசிக்கொள்ளவும் மறக்கமாட்டார். எண்கள் நிஜம் போலத் தெரிய வேண்டுமென்று அவ்வப்போது ஒன்றைக் குறைத்தும் எழுதுவார். அலுவலகத்துப் பொறியாளர் பெண்மணி ஒருமுறை, "உங்க ரீடிங் மாதிரி ஒழுங்கா யாருமே அனுப்பறதில்ல" என்று பாராட்டினார். அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கிவிட்டது.

இந்த வருஷம் மழை வேறு மாதிரி பெய்தது. பத்தொன்பது நாள் விடாமல். பெரிய இரைச்சல் இல்லை, இடி இல்லை. சன்னமாக, ஒரே சீராக, யாரோ பக்கத்தில் நின்று முணுமுணுக்கிற மாதிரி. இருபதாம் நாள் நின்றது. நின்ற பிறகுதான் பயம் வந்தது. சரிவிலிருந்து வரும் ஊற்று மூன்று நாள் சிவப்பாக ஓடி, பிறகு ஓடவே இல்லை. இவ்வளவு மழைக்குப் பின் ஊற்று எப்படி வற்றும்? வேலிக்கால்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. பட்டறைக்காரரின் நாய் வீட்டுக்குள் வர மறுத்துச் சாலைக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டெய்லரக்கா அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஏழாம் நம்பர் வீட்டில் ஒற்றையாக இருப்பவர். முன்னறையில் தையல் மிஷின், பின்னறையில் கட்டில். அந்த வரிசையில் அவர் தைக்காத சட்டை கிடையாது.

"அண்ணே, என் வீட்டுக் கதவு மூட மாட்டேங்குது. நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு. இன்னைக்கு நிலையே கோணிக்கிச்சு. செவுத்துல என் விரல் போற அளவு விரிசல். மேல எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"மழையில மரம் உப்பியிருக்கும்."

"போன புதன் நீங்க போய்ப் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேனே. ஒம்போதையும் பார்த்தேன். ஒண்ணும் இல்ல."

டெய்லரக்காவின் தோள் இறங்கியது. பெரிய மூச்சு விட்டார். "தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாம்னு துணியெல்லாம் எடுத்து வச்சிருந்தேன். நீங்க சொன்னா சரி. போய்ப் பையைப் பிரிச்சு வச்சுடறேன்."

அவர் படியிறங்கிப் போவதை அளவுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். பையைப் பிரிச்சு வச்சுடறேன். இதுவரை அவருடைய பொய்யை யாரும் அவர் கண்ணெதிரே இப்படி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனதில்லை. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தார். என்ன சொல்லிக் கூப்பிடுவது? கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் புதன்கிழமை. கொட்டகையைத் தாண்டி நடந்தார். இரண்டு வருஷம் ஆள் ஏறாத பாதையைப் புதர் மூடியிருந்தது. முதல் ஜோடி முளையைக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. நாடாவை மாட்டி இழுத்தார். அவர் நோட்டில் இருந்த எண் ஒரு மீட்டர் பதினான்கு மில்லிமீட்டர். நாடா காட்டியது ஒரு மீட்டர் அறுபத்து மூன்று சென்டிமீட்டர்.

தப்பாகப் படித்துவிட்டோம் என்று நினைத்துத் திரும்பப் பிடித்தார். அதே எண். இரண்டாவது ஜோடியில் ஒரு முளை மட்டும் நின்றது. மற்றதை எங்கும் காணோம். எறும்பு நுழையும் அகலத்தில் அவர் கடைசியாகப் பார்த்த வெடிப்பு இப்போது ஒரு ஆள் இறங்கிப் படுக்கலாம் போல வாய் பிளந்து கிடந்தது. உள்ளே இருட்டு. அடியிலிருந்து குளிர்ந்த காற்று வந்து முகத்தில் மோதியது. பழைய கிணற்றின் வாடை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தச் சரிவில் ஒரு பறவைச் சத்தம் இல்லை. பூச்சிச் சத்தம் இல்லை. அசையாத இலைகளுக்கு நடுவே அவருடைய மூச்சு மட்டும் கேட்டது.

போனை எடுக்கப் பையைத் திருப்பினார். கால் வைத்த இடம் சரிந்தது; பை கைநழுவி மேலே கரையிலேயே தங்கிவிட்டது.

விழுந்தது ஆள் உயரம்கூட இருக்காது. வலது கால் முழங்கால் வரை எதிலோ போய்ச் சிக்கி நின்றது. சுற்றிலும் ஈர மண். தலைக்கு மேலே ஒரு கீற்று வானம். கீழே பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம். அவர் உடம்புக்கு அடியில் தரை இல்லை. வெடிப்பு இன்னும் கீழே, கீழே என்று போய்க்கொண்டே இருந்தது. அவரைப் பிடித்து வைத்திருந்தது ஒரு வேர்.

மேலே வெடிப்பின் வாயில் ஒரு பெரிய மரம் நின்றிருந்தது. அதன் வேர்களில் பாதி மேல் கரையில், பாதி கீழ் கரையில். மலை இரண்டாகப் பிரிந்தபோது அந்த மரம் எந்தக் கரையையும் விடவில்லை. இரண்டு பக்கமும் இழுத்து இழுத்து, அடிமரம் நெஞ்சு பிளந்த மாதிரி நடுவில் கிழிந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. குறுக்கே நீண்ட வேர்கள் விறைத்து நின்றன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று அறுந்தது. தட்டென்று ஒரு சத்தம், பிறகு மண் உதிரும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

எத்தனை நேரம் அப்படித் தொங்கினார் என்று அவருக்குப் பிற்பாடும் சொல்லத் தெரியவில்லை. கத்திப் பார்த்தார். குரலை மண் விழுங்கிவிட்டது. பிறகு ஜெபம் பண்ணினார்.

"ஆண்டவரே, என்னை இதுலேர்ந்து தூக்கி விட்டா, இனிமே வாழ்க்கையில ஒரு பொய் சொல்ல மாட்டேன்."

சொல்லி முடித்ததுமே தெரிந்துவிட்டது, இதுவும் பொய். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்று சொல்லிவிடுவார். சாவின் வாயில் தொங்கும்போதுகூட வாய் தன் பழக்கத்தைக் காட்டிவிட்டதே என்று வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை வருஷம் ஊர் நம்பிய ஒரு எண்ணையும் இந்த மலை நம்பவில்லை. அது பாட்டுக்குத் தன் அளவில் நகர்ந்துகொண்டிருந்தது. அப்படியானால் மேலே இருக்கிறவரும் நம்பியிருக்க மாட்டார். ஒவ்வொரு புதன்கிழமையும் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்த ஆளை அவருக்குத் தெரியும். சரியான அளவு முதல் நாளிலிருந்தே அவரிடம் இருந்திருக்கிறது. தெரிந்துமா இத்தனை நாள் என்னை விட்டு வைத்தார்? தெரிந்துமா இந்த வேரை இங்கே நீட்டி வைத்தார்?

மறுபடியும் ஒன்று அறுந்தது. அவர் காலுக்கு அடியிலிருந்த வேர் ஒரு விரற்கடை இறங்கி, நின்றது. தோல் உரிந்து நீர் வடிய, கிழிபட்டுக்கொண்டே பிடித்திருந்தது. அளவுக்காரர் அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். தேவாலயத்தில் பலிபீடத்துக்குப் பின்னால் மாட்டியிருந்த மரச் சிலுவையை முப்பது வருஷமாகப் பார்த்திருக்கிறார். சுத்தமாக வார்னிஷ் அடித்தது. நிஜமான சிலுவை இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

"நான் சொல்லிடுவேன், ஆண்டவரே," என்றார், இந்த முறை கணீர்க் குரல் இல்லாமல். "திரும்பவும் பொய் சொல்லிடுவேன். என்னால என்னை நம்ப முடியல. நீங்க மட்டும் விட்டுடாதீங்க."

வானம் திறக்கவில்லை. ஒரு குரலும் வரவில்லை. நெஞ்சுக்குள் மட்டும் ஏதோ ஒன்று இளகி, ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்கு வரும் ஒரு மாதிரியான அமைதி வந்தது. அவர் பயந்தார்; ஆனால் தனியாகப் பயப்படவில்லை. பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். காலை உருவினார். பூட்ஸ் கீழே போனது. விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. வேர் வேராகப் பிடித்து, நகம் பிய்ந்து, மேலே வந்து புல்லில் குப்புற விழுந்தார். உள்ளங்கைக்குக் கீழே தரை அதிர்ந்தது, தூரத்தில் லாரி போகிற மாதிரி. அந்தப் பக்கம் சாலையே கிடையாது.

பையை எடுத்துக்கொண்டு ஒற்றைக் காலில் பூட்ஸோடு இறங்கி வந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. பொறியாளருக்குப் போன் போட்டார். அங்கேயே, அந்த நிமிஷமே, வாய் தன் வேலையைக் காட்டியது.

"மேடம், ஒரே வாரத்துல அறுபது சென்டிமீட்டர் நகர்ந்திருக்கு. போன வாரம் சரியா இருந்துச்சு."

"அறுபதா? பதட்டப்படாதீங்க. இத்தனை நாள் ஆடாதது ஒரே வாரத்துல அவ்வளவு வராது. முளை ஏதாவது பிடுங்கிட்டிருக்கும். மத்தியானம் இன்னொரு தடவை பாருங்க. நாளைக்குக் காலைல ஆள் அனுப்பறேன்."

போனைக் காதில் வைத்தபடி நின்றார். நாளைக் காலை வரை இந்த மலை காத்திருக்காது. அவருடைய பழைய எண்கள் அவ்வளவு ஒழுங்காக இருந்தன. இன்றைய நிஜம்தான் பொய்யாகத் தெரிந்தது.

"மேடம், வச்சிடாதீங்க." "போன வாரம் நான் மேல போகல. அதுக்கு முந்தின வாரமும் போகல. ரெண்டு வருஷமா போகல. எல்லாம் நானா எழுதினது."

அந்தப் பக்கமிருந்து வந்த குரலில் மரியாதையும் இல்லை, கோபமும் இல்லை. "எல்லாரையும் வெளியேத்துங்க. இப்பவே. நான் கிளம்பறேன்."

போதகர் அப்போது தேவாலயத்தின் ஓட்டைக் கூரைக்கடியில் வாளி வைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தை நாலு வார்த்தையில் சொன்னதும் வாளியைப் போட்டுவிட்டு மணிக்கயிற்றுக்கு ஓடினார். நேரம் கெட்ட நேரத்தில் மணி அடித்ததும் பதினான்கு வீடும் வாசலுக்கு வந்தது. அளவுக்காரர் கரும்பலகை முன்னால் நின்றார். ஒரு கால் வெறுங்காலாக, தலை முதல் கால் வரை சேறு.

"மலை வருது. எல்லாரும் கிளம்புங்க."

பட்டறைக்காரர் பலகையைக் காட்டினார். "நீங்கதானே 'அசைவு இல்லை'ன்னு எழுதிப் போட்டீங்க?"

"அது பொய்."

"எது பொய்? இது பொய்யா, அது பொய்யா?"

சிலர் சிரித்துவிட்டார்கள். அவருடைய மனைவியும் கூட்டத்தில் இருந்தார். சிரிக்கவில்லை. அளவுக்காரர் மனைவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார், ஏனென்றால் வேறு முகத்தைப் பார்த்தால் வார்த்தை மாறிவிடும் என்று அவருக்குத் தெரியும். "ரெண்டு வருஷமா நான் மேல போகாமலே எழுதினேன். கொட்டகையில உக்காந்து எழுதினேன். இன்னைக்குத்தான் போனேன். நான் சொல்றதை நம்ப வேண்டாம். போய் உங்க கதவுகளைப் பாருங்க."

சிரிப்பு நின்றது. அவருடைய மனைவிதான் முதலில் அசைந்தார். பக்கத்து வீட்டுக்குள் போய், படுக்கையிலிருந்த கிழவரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்தார். அதைப் பார்த்து மற்றவர்கள் ஓடினார்கள்.

மூன்றே முக்காலுக்கு மலை வந்தது. முதலில் மரங்கள் நின்றபடியே கீழே நடந்து வந்தன, கூட்டமாக, அவசரமில்லாமல். அதற்குப் பின்னால்தான் சத்தம். எல்லாரும் சாலைக்கு அந்தப் பக்கம், நாய் படுத்திருந்த மேட்டில் நின்று பார்த்தார்கள். டெய்லரக்கா மட்டும் இல்லை. மிஷினை எடுத்து வருகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் திரும்பியிருந்தார். மண்ணின் நுனி ஏழாம் நம்பரைத் தொட்டு, சுவரை உள்பக்கமாகத் தள்ளியது. பட்டறைக்காரரும் அளவுக்காரரும் ஓடிப் போய், உத்திரத்துக்கு அடியிலிருந்து அவரை இழுத்தெடுத்தார்கள். உயிர் இருந்தது. வலது கை மூன்று இடத்தில் உடைந்திருந்தது.

ஒன்பது வீடுகள் போயின; கடைசியில் நின்ற தேவாலயம் தப்பியது. ஆள் யாரும் சாகவில்லை. அளவுக்காரருக்கு வேலை போயிற்று. விசாரணையில் எதையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்தார். எழுதும்போது இரண்டு இடத்தில் பொய் வந்து பேனா முனையில் நின்றது. அடித்துவிட்டுத் திரும்ப எழுதினார். மனைவி இருபது நாள் அவரோடு பேசவில்லை. இருபத்தொன்றாம் நாள், "விரலுக்கு மருந்து போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். "போட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறைக்குப் போய், "போடல" என்றார். மனைவி மருந்து டப்பாவை எடுத்து நீட்டினார்.

தேவாலயத்துக்குப் போக அவருக்குக் கால் வரவில்லை. போதகர் தேடி வந்தார்.

"ஐயா, இனிமே நான் பாடம் வாசிக்கறது நல்லா இருக்காது."

"வாசிக்க வேண்டாம்," என்றார் போதகர், சுற்றி வளைக்காமல். "ஆனா வந்து உக்காருங்க. யோக்கியனுக்கு மட்டும்னு அந்தக் கதவைத் திறந்தா, எனக்கே உள்ள இடம் கிடையாது."

போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முன்னால் இருந்தவர்கள் சிலர் தள்ளி உட்கார்ந்தார்கள். அது நியாயம் என்று பட்டது. வேறு ஒருவர் வாசித்தார், தடுமாறித் தடுமாறி. வாசிப்பவராக இருந்த வருஷங்களில் அவர் காதில் விழாத சொற்கள் இப்போது ஒவ்வொன்றாக விழுந்தன. தன் சரியான அளவு தெரிந்த ஒருவருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோம், இன்னும் எழுப்பி விரட்டவில்லை என்பது, அவருக்கு அந்தக் குளிர்காலம் முழுக்கப் போதுமானதாக இருந்தது.

வீடு இழந்தவர்களுக்குச் சமவெளியில் புது வரிசை கட்டிக் கொடுத்தார்கள். குடியேறிய வாரத்தில், சாமான் ஏற்றி இறக்க அவரும் போனார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. டெய்லரக்காவின் வாசலைக் கடக்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. விபத்துக்குப் பின் அவரோடு அக்கா பேசுவது அதுதான் முதல் தடவை.

"கொஞ்சம் உள்ள வாங்க. ஜன்னலுக்குத் திரை தைக்கணும். எனக்கு ஒரு கைதான் தூக்க முடியுது. டேப்பை அந்தப் பக்கம் பிடிங்க."

பிடித்தார். வலது கை மடங்கியபடி, அக்கா இந்தப் பக்கம் நின்றார்.

"எவ்வளவு?"

"நூத்திப் பதினெட்டு."

அக்கா இடது கையால் டேப்பின் தன் நுனியை ஆணியில் மாட்டிவிட்டு, அவர் நின்ற பக்கம் வந்து, அவருடைய விரலுக்குப் பக்கத்தில் குனிந்து எண்ணைப் பார்த்தார். போய்ச் சுவரில் சாக்பீஸால் குறித்தார். அடுத்த ஜன்னல். மறுபடியும் வந்து பார்த்தார். அதற்கடுத்ததும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் அவர் வந்து பார்த்து முடிக்கும் வரை அளவுக்காரர் விரலை நகர்த்தாமல் நின்றார்.

நாலாவது ஜன்னலுக்கும் அக்கா வந்து பார்த்தார். பிறகு, "பின்னறையில இன்னும் ரெண்டு இருக்கு" என்று முன்னால் நடந்தார். அளவுக்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனார்.